மேல் தட்டில் இருந்த செண்ட்

எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வாசனை விற்பது என் வேலை. மும்பையில், செம்பூரில் ஒரு பெரிய கடை. நுழைந்ததும் இடது கைப் பக்கம் என் கவுண்டர். உட்கார நாற்காலி கிடையாது. ஒரு காலத்தில் ஸ்டூல் ஒன்று இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த யாரோ பார்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கிறவளிடம் யார் வாங்குவார்கள் என்று கேட்டாராம். மறுநாள் ஸ்டூல் இல்லை. பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து சுவரில் காலைத் தூக்கி வைத்து அரை மணி நேரம் படுத்தால்தான் அடுத்த வேலைக்கு எழுந்திருக்க முடியும். வாசனையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஏதோ சொகுசான சமாச்சாரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கவுண்டரில் ஐம்பது பாட்டிலாவது இருக்கும். வருஷத்துக்கு நாலைந்து புதிதாக வரும், நாலைந்து காணாமல் போகும். இப்போது வருகிறவை எல்லாம் மிட்டாய்க் கடைதான். சர்க்கரைப் பாகு, சாக்லேட், பழ ஜாம். நாள் முழுக்க அவற்றை முகர்ந்து பார்க்கிற சின்ன அட்டையில் அடித்து அடித்து நீட்டிவிட்டு மத்தியானம் டப்பாவைத் திறந்தால் என் புளிச்சாதமே இனிக்கிற மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் நான் சேர்ந்த நாளிலிருந்து அதே தட்டில் இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை, எழுதும்போதாவது விற்காமல் இருக்கலாமே என்று பார்க்கிறேன். கனமான கண்ணாடி பாட்டில், உள்ளே தேன் நிறத்தில் செண்ட். என் அம்மா பிறப்பதற்கு முன்பே செய்ய ஆரம்பித்தது என்று பயிற்சியில் சொன்னார்கள். அடித்த உடனே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்தக் கூர்மை. அதோடு சோப்பு போட்டு அலசி, வெயிலில் காய்ந்து, இஸ்திரி போட்ட துணியின் சுத்தம். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அது விலகிக்கொள்ளும், பூக்கள் வரும். மல்லிகையும் உண்டு, ரோஜாவும் உண்டு. ஆனால் இது மல்லிகை, இது ரோஜா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு மேல் பூவும் அடங்கிப் பவுடர் மாதிரி மிருதுவாகும். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது மணிக்கட்டில் மரமும், மழை பெய்த மண்ணும், கொஞ்சம் தோலும் மிஞ்சியிருக்கும். தோல் என்றால் மாட்டுத் தோல். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் கடைசி வரியில் ‘லெதர்’ என்றுதான் போட்டிருந்தது.

எனக்கு அதில் பிடித்தது அது சத்தம் போடாது என்பதுதான். லிஃப்டில் ஏறினால் லிஃப்டை நிறைக்காது. பக்கத்தில் வந்தவர்களுக்கு மட்டும் தெரியும், அதுவும் அவர்கள் நின்று பேசினால். காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும், ஆனால் எப்போதும் தன் மரியாதையில் இருக்கும். தாராவியில் பிறந்து, வாளி வரிசையிலும் கக்கூஸ் வரிசையிலும் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். குரலை உயர்த்தாமல் இருந்தும் ஒன்றைக் கவனிக்க வைக்க முடியும் என்பது எனக்கு அந்த பாட்டிலில்தான் முதலில் தெரிந்தது.

கல்லூரிப் பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, “யே தோ ஆண்ட்டி வாலா ஹை”, ஆண்ட்டிகள் போடுவது என்று அட்டையைத் திருப்பித் தருவார்கள். ஆண்ட்டியிடம் வந்து கேட்டால் ஆண்ட்டியுடையதுதானே இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிட்டாய்க் கடையை எடுத்து நீட்டுவேன்.

பயிற்சியில் சொன்னவற்றில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மறக்கவில்லை. வாசனைக்குச் சூடு வேண்டும். மணிக்கட்டில், காதுக்குப் பின்னால், கழுத்துக் குழியில் போடச் சொல்வது அழகுக்காக இல்லை. அங்கேதான் ரத்தம் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அந்தச் சூட்டில்தான் செண்ட் ஒவ்வொரு படியாக இறங்கி வரும். அட்டையில் அடிப்பது ஆளை வாசலில் நிறுத்திப் பார்க்கிற மாதிரி, உள்ளே யார் என்று தெரியாது. இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கே ஒரு நாள் உதவும் என்று நினைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் தாராவியிலேயே ஒரு தோல் பட்டறையில், எங்கள் பேச்சில் கார்கானாவில், பை தைக்கிறவர். தோலை வெட்டி, ஓரம் சீவி, சொல்யூஷன் தடவி, மடித்து, தைத்து, பாலிஷ் போட்டு முடிப்பது வரை எல்லா வேலையும் தெரியும். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பார். முழங்கை வரை சோப்பு தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். என்ன கழுவினாலும் விரலிடுக்கில் தோல் வாடை இருக்கும். பஸ்ஸில் போனால் வெயிலோ மழையோ கதவுப் பக்கத்திலேயே நிற்பார். உள்ளே இடம் இருக்கிறதே என்றால், “காத்து வருதுல்லா” என்பார். காற்றுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் நான் இந்த வேலைக்குப் போனேன். போன புதிதில் ஒரு நாள், அந்த செண்டின் கடைசியில் தோல் வாசனை இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். என் மணிக்கட்டை இழுத்து முகர்ந்து பார்த்தார். சிரிப்பு அடங்கவே இல்லை.

“ஏளா, இம்புட்டு காசு குடுத்து எங்க கார்கானா வாடையவா வாங்கிட்டுப் போறாவ? அதுக்கு என்னையக் கூட்டிட்டுப் போய் கவுண்டர்ல நிறுத்த வேண்டியதுதான. சும்மாவே மோந்துட்டுப் போவட்டும்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கார்கானாவிலிருந்து வந்ததும் கையை என் மூக்கருகே நீட்டி, “மேடம், புது சரக்கு” என்பார். போங்க, போய்க் குளிங்க என்று தள்ளிவிடுவேன்.

அவருடைய தங்கை, என் நாத்தனார், அடுத்த சந்தில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத பேச்சு, அதனாலேயே கேட்கிறவர் மனதில் எதையாவது வைத்துவிட்டுப் போகும். நான் வேலையிலிருந்து அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ன மதினி, எந்த எழவு வீட்டுக்குப் போயிட்டு வாற?” என்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. எங்கள் ஜனங்களுக்கு செண்ட் என்றால் சாவு வீடுதான். கிடத்தியிருக்கிற உடம்பின் மேல் செண்டைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மாலை வாங்குகிற கடையிலேயே பச்சை மூடி போட்ட சின்ன பாட்டிலும் விற்பார்கள். ஒரு காரமான பூ வாசனை, ஊதுபத்திப் புகையோடு சேர்ந்து தலையை வலிக்க வைக்கும். உயிரோடிருக்கும்போது ஒரு சொட்டு செண்ட் போட்டறியாத ஆட்களெல்லாம் கடைசியில் அதில் குளித்துவிட்டுத்தான் போவார்கள்.

எனக்கென்று சொந்தமாக அந்த பாட்டில் வந்தது வேலையில் சேர்ந்து பத்து வருஷம் கழித்து. லாரியில் டப்பா நசுங்கிய பீஸ் ஒன்று வந்தது. அதை வெளியே விற்க முடியாது, வேலை செய்கிறவர்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்துக்கொண்டேன். வேலை நாட்களில் அதைத் தொட மாட்டேன். அன்றைக்கு என் மேல் அடிக்கிறதெல்லாம் கடையின் டெஸ்டர், கடையின் வாசனை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, சமையலை முடித்து, என் பாட்டிலிலிருந்து ரெண்டே ரெண்டு தடவை. அன்றைக்கு அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்ப்பார். “மெம்சாப் ஆயிட்டா” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஒரு தடவை அவருக்கும் போட்டுவிடலாம் என்று பாட்டிலைத் தூக்கினால் எழுந்து ஓடிவிட்டார். பொம்பிளை செண்டாம். எட்டொன்பது வருஷத்தில் பாதிகூடத் தீரவில்லை.

அதை பீரோவின் மேல் தட்டில் வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

எங்கள் வீடுகளில் பீரோவின் மேல் தட்டு என்றால் நல்லது கெட்டதுக்கு. ஒரு பட்டுப்புடவை, மடிப்புக் கலையாத ஒரு வேட்டி, எடுத்துக்கொடுக்க ஒரு புதுத் துண்டு, சந்தனக் கிண்ணம். விசேஷமோ சாவோ, வீட்டுக்காரிக்குக் கை ஓடாத நேரத்தில் உறவுக்காரிகள் யாரையும் கேட்காமல் அந்தத் தட்டைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கேதான் இருக்கும். இருக்கிறதிலேயே நல்ல பொருளை இருக்கிறதிலேயே நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அந்த இடம் யார் யாருக்கெல்லாம் பொது என்று யோசிக்கவில்லை.

போன வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயம், மத்தியானம், கார்கானாவில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு போன் வந்தபோது நான் ஒரு பெண்ணுக்கு அட்டையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வர வேண்டும் என்று ஒரு நாள் வைத்திருந்தோம். கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்து, சந்தில் ஷாமியானா கட்டி, அதில் அவரைக் கிடத்தினார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

காலை பத்து மணி இருக்கும். செண்ட் எங்கே என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டார். நாத்தனார் எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் என் பாட்டில் இருந்தது.

பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கச் சொல்லி அவள்தான் முதலில் அடித்தாள். நெற்றியில், நெஞ்சில், வேட்டியில். புஸ், புஸ் என்று அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அப்புறம் மாலை போட வந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கினார்கள். பாட்டில் பெட்டியைச் சுற்றிக் கைமாறிக் கைமாறிப் போனது. சிலருக்கு எந்தப் பக்கம் அமுக்குவது என்று தெரியவில்லை, இன்னொருவர் காட்டிக்கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று தடவை போதும், இதற்கு மேல் அடித்தால் கெட்டுவிடும் என்று என் வாய் வரைக்கும் வந்தது. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என் மனுஷன் கிடக்கிறார், நான் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப் பார்க்கிறேனே என்று என் மேலும் கோபம். எலுமிச்சைத் தோலும் சலவைத் துணியும் ஐஸ் பெட்டியிலிருந்து எழும்பி எழும்பி வந்தது. பத்து மணிக்கும் அதே வாசனை, பன்னிரண்டுக்கும் அதே, நாலு மணிக்குத் தூக்கும்போதும் அதே. பூ வரவே இல்லை. அன்றைக்கு எனக்கு அது ஏன் என்று யோசிக்கிற நிலைமை இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் கூட்டும்போது பெஞ்சுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. கற்பூரம், ஊதுபத்தி, பச்சை மூடி பாட்டில் ஒன்று, சீல் பிரிக்காமல். வாங்கி வைத்திருக்கிறார்கள், கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த பாட்டிலை எடுத்து மேல் தட்டில், அன்றைக்கே தீர்ந்துபோன என் பாட்டில் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

நாத்தனாரிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவள் குழம்போ ரசமோ கொண்டு வந்து வைப்பாள்; பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். அவள் வாசலைக் கடக்கும்போது எழவு வீட்டுக் கிண்டலும் நின்றுபோயிருந்தது.

பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். அதற்கு மேல் லீவு இல்லை. கடை திறந்து முதல் ஆளாக வந்த அம்மாள் நேராக அதே செண்டைத்தான் கேட்டாள். அட்டையில் அடித்தேன். எலுமிச்சைத் தோல், சலவைத் துணி. கண் முன்னால் கண்ணாடி மூடி. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்கு ஓடிக் காலையில் குடித்த காபியையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது. அடித்து, அட்டையைக் கை நீளத்துக்கு நீட்டி, வாங்குகிறவர் மூக்குக்குப் போனதும் முகத்தைத் திருப்பி மூச்சு விடுவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொருளைப் புகழ முடியாது. நானாக அதை எடுத்துக் காட்டுவதையே விட்டுவிட்டேன். என் கவுண்டரில் அதை விற்கிறவள் நான் ஒருத்திதான்; நான் விட்டதும் அது தட்டிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் எனக்கென்று இருந்த ஒரே நல்ல வாசனை அது. அதை அந்தப் பெட்டியோடு சேர்த்து அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவரும் போனார், அதுவும் போனது, நிற்க மட்டும் நான் இருந்தேன்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். வயதில் என்னில் பாதிதான் இருக்கும் அவருக்கு. நல்ல மாதிரி, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். “ஆண்ட்டி, க்யா ஹுவா?” என்று, என்ன ஆயிற்று என்பதில் ஆரம்பித்து, அந்தப் பழைய செண்ட் போகவில்லை என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள் என்றார். தட்டை எடுத்தால் கவுண்டரில் ஒரு ஆளைக் குறைப்பார்கள், இங்கே எனக்கு வேலை இல்லை; உல்லாஸ்நகர் கடையில் இடம் இருக்கிறது, அங்கே அனுப்புவார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து சயான் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் கல்யாண் தாண்டி தினமும் போய் வர மூன்று மணி நேரம். அதற்கு நடுவில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். சரி சார் என்றேன்.

அந்த வாரம்தான் மாட்டுங்காவிலிருந்து வருகிற ஒரு அம்மாள், என் பழைய வாடிக்கை, வந்தார். பாங்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். வருஷத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் கச்சேரிகள் ஆரம்பிக்கும் முன்னால், இந்த செண்டை மட்டும் வாங்கிப்போவார். பதினைந்து வருஷமாக எனக்கு அவரைத் தெரியும், பெயர் தெரியாது. இந்தத் தடவை பாட்டிலைக் கையில் வாங்கி முகராமல் அப்படியே கவுண்டரில் வைத்தார்.

“அந்தக் காய்ச்சல் வந்துதோல்லியோ, அதுலேருந்து மூக்கே போயிடுத்தும்மா. ஒண்ணுமே தெரியலை. காபி குடிச்சாக்கூட வெந்நீர்தான்.”

பிறகு எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“எனக்குத் தெரியலைன்னா செண்ட் இல்லேன்னு ஆயிடுமா? பக்கத்துல உக்காரறவாளுக்குத் தெரியுமே.” அவர் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷத்து பாட்டில் என்னமோ மாதிரி இருக்குன்னு பொண்ணு சொன்னா. பழைய சரக்கோ என்னமோ. நீ உன் கையில போட்டுண்டு பாரு. அட்டையில வேண்டாம். நான் மேல போய் உக்காந்துண்டிருக்கேன். ஒரு மணி நேரம் கழிச்சு வரேன், எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு. உன் மூக்கை நம்பித்தான் வாங்கப்போறேன்.”

கையை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டேன்.

மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பது? விட்டதும் வந்தது. எலுமிச்சைத் தோல். சலவைத் துணி. பெட்டி, மாலைகள், கைமாறுகிற பாட்டில். கவுண்டரின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து அந்த அம்மாளிடம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிடலாம். பாத்ரூம் இருபது அடியில்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு மூக்கு இல்லை, எனக்கு இருக்கிறது, அதை நம்பி மாடியில் உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கோபத்திலும் வேலையில் நான் பொய் சொன்னதில்லை. நின்றேன். ரெண்டு பெண்கள் வந்தார்கள், அவர்களுக்கு மிட்டாய்க் கடை காட்டினேன். ஒருவர் வழி கேட்டார், சொன்னேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். எதையோ எடுக்கக் கையைத் தூக்கினேன். பூ வாசனை.

கையை மூக்கோடு வைத்து அழுத்திக்கொண்டேன். எலுமிச்சையும் துணியும் போய்விட்டிருந்தது. அது பாட்டுக்குப் போய்விட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேல் அது போகவே இல்லை. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, அத்தனை பேர் அத்தனை தடவை அடித்தும், ஐஸில் கிடந்த உடம்பில் அது முதல் படியிலேயே நின்றுவிட்டது. இறங்கி வரச் சூடு இல்லை. அந்த முதல் படியைத்தான் நான் எட்டு மாதமாக அட்டையில் அடித்து அடித்து, மூச்சைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம். எனக்கு அழுகை வந்தது. கவுண்டரில் அழக் கூடாது என்பதால் குனிந்து கீழ் அலமாரியைத் திறந்து டப்பாக்களை அடுக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தேன்.

அம்மாள் இறங்கி வந்தார். நல்ல சரக்குதான், பூ சரியாக வந்திருக்கிறது, பவுடர் இனிமேல்தான் வரும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “கடைசியில என்ன வரும்? எனக்கு மறந்தே போயிடுத்து” என்றார். சாயங்காலம்தான் தெரியும் என்றேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் இன்னும் ரெண்டு பாட்டில் விற்றேன், அட்டையில் இல்லாமல், கையில் போட்டுக் காட்டி. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினார். உல்லாஸ்நகர் தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம். இன்னும் எத்தனை வருஷம் நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏழு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதுவே பெரிய விஷயம். சயான் பாலம் வரும் வரை கையைப் பார்க்காமலேயே இருந்தேன். சிக்னலில் பஸ் நின்றபோது எடுத்து முகர்ந்தேன். மரம். மண். தோல். சோப்பு போட்டுக் கழுவியும் போகாத தோல் வாடை, விரலிடுக்கில் இருக்குமே, அது. பத்தொன்பது வருஷமாக இது இருக்கிறது என்று தெரியும், புத்தகத்தில் படித்தேன், அவரிடம் சொல்லிச் சிரித்தேன், தினமும் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். பக்கத்து சீட்டுப் பெண் என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சந்துக்குள் நுழைந்தபோது நாத்தனார் வாசலோரம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அன்றைக்கு நின்றேன். அவள் மெஷினை நிறுத்தினாள். கையை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

“என்ன மதினி?”

“மோந்து பாரு.”

முதலில் தயங்கினாள். பிறகு குனிந்து முகர்ந்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. என் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜிப் தைத்துத் தைத்து அவள் விரல் நுனியெல்லாம் சொரசொரப்பாக இருந்தது.

“அண்ணன்லா” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த பாட்டிலில் இருந்ததுதான் இது, பெட்டிக் குளிரில் வெளியே வரவில்லை என்று சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. என் கை மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

“நல்லதா ஒண்ணு போட்டு அனுப்பணும்னு எடுத்துட்டேன் மதினி. ஒன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

எட்டு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று தோன்றவும் இல்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கால் ரெண்டும் கடுத்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் தைக்காத பைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். வாசனை முழுக்கப் போகிற வரை அவள் அதை முகர்ந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.